கருத்து சொல்ல என் பிறந்த தேதி எதற்கு? வாடிக்கையாளர் படிவங்களைச் சமாளிக்க ஒரு முழு வழிகாட்டி

ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் பில்லோடு ஒரு சின்ன அட்டையும் பேனாவும் வரும். உணவு எப்படி, சேவை எப்படி, சுத்தம் எப்படி என்று மேலே மூன்று கேள்விகள். கீழே பெயர், கைப்பேசி, மெயில் ஐடி, பிறந்த தேதி, திருமண நாள். சில அட்டைகளில் மனைவியின் பிறந்த தேதிக்கும் ஒரு கோடு போட்டிருப்பார்கள். சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று சொல்ல நினைத்தவர், இதைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அல்லது, எழுதிக் கொடுத்துவிட்டு வருஷம் முழுக்க எஸ்எம்எஸ் வாங்குவார்.

ஜவுளிக்கடை, மருந்துக்கடை, வண்டி சர்வீஸ் சென்டர், ஆன்லைன் கடை எல்லாவற்றிலும் இதே கதைதான். கருத்தையும் அடையாளத்தையும் ஒரே தாளில் சேர்த்துக் கேட்டாலும், இரண்டையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பிரித்துக் கொடுப்பது எப்படி என்பதைத்தான் இங்கே ஒவ்வொரு படியாகச் சொல்லப் போகிறேன். சட்டம் பற்றி வருவதெல்லாம் இந்தியச் சட்டம்.

படி 1: படிவத்தில் எது கருத்து, எது விளம்பரப் பட்டியல் என்று பாருங்கள்

'எங்களை உங்கள் நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா? 0 முதல் 10-க்குள் மதிப்பெண் தாருங்கள்' என்ற கேள்வியை எல்லோரும் பார்த்திருப்போம். ஃபிரெட் ரைக்ஹெல்டு என்ற அமெரிக்க ஆலோசகர் 2003-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய முறை இது. 9, 10 போட்டவர்கள் ஆதரவாளர்கள். 0 முதல் 6 வரை போட்டவர்கள் அதிருப்தியாளர்கள். ஆதரவாளர்களின் சதவீதத்திலிருந்து அதிருப்தியாளர்களின் சதவீதத்தைக் கழித்தால் நிறுவனத்தின் மதிப்பெண் வந்துவிடும். 7, 8 போட்டவர்கள் எந்தப் பக்கமும் சேர மாட்டார்கள். பாவம் பையன், நல்லாத்தான் கவனித்தான் என்று நாம் தாராளமாகப் போடும் 8-க்கு அங்கே மதிப்பே கிடையாது. சர்வீஸ் சென்டர் ஊழியர்கள் "10 போட்டுடுங்க சார்" என்று கெஞ்சுவதன் காரணமும் இதுதான்.

இந்தக் கணக்கில் உங்கள் பெயரோ எண்ணோ எங்கேயும் வரவில்லை. எந்தக் கிளை, எந்த நாள், என்ன மதிப்பெண், ஏன் என்ற நான்கும் போதும். அதற்கு மேல் கேட்பதெல்லாம் விளம்பரம் அனுப்பத்தான், அல்லது உங்களைத் திரும்ப அழைக்கத்தான். திரும்ப அழைப்பது சில சமயம் நமக்கே தேவைப்படும். பிறந்தநாளுக்கு ஒரு கேக் கூப்பன் வந்தால் சந்தோஷம் என்பவர் அதற்காகவும் கொடுக்கலாம், தப்பில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 2: எந்தத் தகவல் எவ்வளவு ஆபத்து என்று தெரிந்துகொள்ளுங்கள்

கைப்பேசி எண்ணைக் கொடுக்கத்தான் பலரும் தயங்குகிறார்கள். பிறந்த தேதியை யோசிக்காமல் எழுதிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இது தலைகீழ். எண்ணை வேண்டுமானால் மாற்றலாம், தொல்லை செய்பவரை பிளாக் செய்யலாம். பிறந்த தேதியை ஆயுசுக்கும் மாற்ற முடியாது.

அது எங்கெல்லாம் பயன்படுகிறது என்று பாருங்கள். தரவிறக்கிய இ-ஆதார் பிடிஎஃப்பைத் திறக்கும் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும். வருமான வரித் துறையின் வருடாந்திரத் தகவல் அறிக்கைக்கு பான் எண்ணும் பிறந்த தேதியும். பல வங்கிகளின் மாத அறிக்கைகளும் இதே பாணியில்தான் பூட்டப்படுகின்றன. கஸ்டமர் கேருக்கு போன் செய்தால் அடையாளம் சரிபார்க்க முதலில் கேட்பதும் பிறந்த தேதியைத்தான். ஓட்டல் அட்டையில் பெயர், எண், பிறந்த தேதி மூன்றையும் வரிசையாக எழுதினால், யாரோ ஒருவர் உங்கள் பெயரில் வங்கிக்கு போன் செய்யத் தேவையானதில் பாதியை நாமே கொடுத்தது போலத்தான். அந்த அட்டைகள் கல்லாவுக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியபடி கிடக்கும். வருகிறவர் போகிறவர் யார் எடுத்துப் பார்த்தாலும் கேட்பதற்கு ஆள் இருக்காது.

எனவே என் வரிசை இது. பிறந்த தேதி, ஆதார், பான், வீட்டு முகவரி ஆகியவற்றைக் கருத்துப் படிவத்தில் எப்போதும் எழுதக் கூடாது. கைப்பேசி எண், பதில் வேண்டும் என்றால் மட்டும். மெயில் ஐடி, படி 5-ல் சொல்கிற மாதிரி. பெயருக்கு ஒரு எழுத்து போதும். கூப்பன் ஆசை இருந்தால் தேதியும் மாதமும் மட்டும் கொடுங்கள், ஆண்டு வேண்டாம்.

படி 3: கவுன்ட்டரில் கேட்டால் என்ன சொல்வது

பின்னால் வரிசை நிற்கும், கேஷியர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "மொபைல் நம்பர் சொல்லுங்க" என்பார். வாய் தானாகப் பத்து இலக்கத்தைச் சொல்லிவிடும். இதை முறிக்க ஒரே ஒரு வாக்கியத்தைப் பழகிக்கொண்டால் போதும்: "நம்பர் வேண்டாம் தம்பி, நம்பர் இல்லாம பில் போடுங்க." கோபம் தேவையில்லை, விளக்கமும் தேவையில்லை. கேட்கச் சொல்லி அவருக்கு மேலிடத்து உத்தரவு, அவரோடு சண்டை போட்டு என்ன ஆகப் போகிறது?

பெரும்பாலும் அதோடு சரி. சில இடங்களில் பதில் வரும்.

"நம்பர் போடாம சிஸ்டம் அடுத்த பக்கம் போகாதுங்க." இது அவர்கள் மென்பொருளின் பிரச்சினை. கடையின் எண்ணையே போடச் சொல்லுங்கள், அப்படித்தான் பல கேஷியர்களும் செய்கிறார்கள். நீங்களாக வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். அது எங்கேயோ ஒருவருடைய எண்ணாக இருக்கும், உங்கள் ஜவுளி விளம்பரமெல்லாம் அவருக்குப் போகும். இந்தியக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9-ல்தான் தொடங்கும். அதனால் பத்து தடவை 1 போட்டால் யாருக்கும் தொல்லை இல்லை, சிஸ்டம் ஏற்றுக்கொண்டால்.

"ஜிஎஸ்டிக்கு வேணும் சார்." வேண்டாம். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சாதாரண வாடிக்கையாளருக்கு 50,000 ரூபாய்க்குக் குறைந்த பில் என்றால், அவராகக் கேட்டால் ஒழிய, பெயரும் முகவரியும்கூடக் கட்டாயமில்லை. கைப்பேசி எண் அந்த விதியிலேயே இல்லை. 2 லட்ச ரூபாய்க்கு மேல் வாங்கும்போது பான் கேட்பது மட்டும் வருமான வரி விதி, அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

"வாரன்ட்டிக்கு வேணும்." பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் பெரும்பாலும் அதுவே போதும். விலை உயர்ந்த சாதனத்துக்குத் தயாரிப்பாளரிடம் நேரடியாகப் பதிவு செய்யுங்கள், அங்கே உண்மையான விவரத்தையே கொடுங்கள். பொய்ப் பெயர் கொடுத்துவிட்டுப் பிறகு பழுதுக்குப் போய் நிற்பது சிக்கல். பொதுவாகவே பொய் எழுதுவதைவிடக் காலியாக விடுவது மேல்.

மருந்துக்கடையில் மட்டும் ஒரு விதிவிலக்கு. எச்1 அட்டவணை மருந்துகளை (சில ஆன்டிபயாடிக், தூக்க மாத்திரை போன்றவை) விற்கும்போது நோயாளியின் பெயர், மருத்துவர் விவரம், மருந்து, அளவு ஆகியவற்றை அவர்கள் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அங்கே பெயர் கேட்டால் சொல்லிவிடுங்கள். தலைவலி மாத்திரை ஒரு அட்டை வாங்க அதெல்லாம் தேவையில்லை.

அடம் பிடிக்கும் கடைக்கு ஒரு தகவல் கைவசம் இருக்கட்டும். பில் போடக் கைப்பேசி எண் கட்டாயம் என்று சொல்வது முறையற்ற வணிக நடைமுறை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்தில் சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. "மேனேஜரைக் கூப்பிடுங்க, அந்த அறிவுறுத்தலைப் பத்திப் பேசணும்" என்று அமைதியாகச் சொன்னால், முக்கால்வாசி இடங்களில் மேனேஜர் வருவதற்குள் பில் வந்துவிடும்.

படி 4: ஓடிபி கேட்டால் நிறுத்துங்கள்

எண்ணைச் சொல்வதைவிட ஓடிபி சொல்வது பெரிய விஷயம். "ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க, பாயின்ட்ஸ் சேர்க்கணும்" என்பார்கள். வாய்விட்டுச் சொல்லும் முன் அந்த எஸ்எம்எஸ்ஸை முழுசாக ஒரு தடவை படியுங்கள். பல செய்திகளில், எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில், இந்த எண்ணைப் பகிர்வதன் மூலம் எங்கள் விதிமுறைகளை ஏற்கிறீர்கள், விளம்பரச் செய்திகள் பெறச் சம்மதிக்கிறீர்கள் என்று இருக்கும். கேஷியரிடம் நான்கு இலக்கம் சொன்னதுதான் உங்கள் கையெழுத்து. பின்னாளில் 'நான் எப்போது சம்மதித்தேன்?' என்று கேட்டால், தேதி, நேரத்தோடு அவர்களிடம் பதிவு இருக்கும்.

வண்டி சர்வீஸில் இது இன்னும் வேடிக்கை. வண்டியை எடுக்கப் போனால், நிறுவனத்திலிருந்து வந்த கருத்துக் கேட்பு லிங்க்கை ஊழியரே உங்கள் போனை வாங்கித் திறந்து, எல்லாவற்றுக்கும் 10 போட்டுவிட்டுத் திருப்பித் தருவார். ஊக்கத்தொகை அதில் தொங்குகிறது, அவரைக் குறை சொல்லவும் மனம் வராது. ஆனாலும் போனைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். "வீட்டுக்குப் போய் நானே போடுறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

படி 5: லிங்க்காக வந்தால்

இதில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, யார் அனுப்பியது. நிறுவனங்களின் எஸ்எம்எஸ் எழுத்துக்களால் ஆன பெயரில்தான் வரும், கடைசியில் ஒரு கோடு போட்டு பி, எஸ், டி, ஜி என்ற ஆங்கில எழுத்துக்களில் ஒன்று இருக்கும். பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்தோ வாட்ஸாப் ஃபார்வர்டாகவோ 'கருத்துக் கணிப்பில் பங்கேற்றுப் பரிசு வெல்லுங்கள்' என்று வந்தால் திறக்கவே வேண்டாம். அஞ்சல் துறையின் பெயரிலேயே இப்படிப் போலிக் கருத்துக் கணிப்புகளும் வினாடி வினாக்களும் சுற்றி, நம்ப வேண்டாம் என்று அந்தத் துறை 2022 ஏப்ரலில் எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. அடையாளம் காண எளிய வழி உண்டு: உங்கள் பிறந்த தேதி ஏற்கனவே தன்னிடம் உள்ள ஒரு வங்கி, கருத்துக் கேட்கும் சாக்கில் அதை மறுபடி கேட்டால், கேட்பது வங்கி இல்லை.

இரண்டாவது, 'உங்கள் கருத்து ரகசியமாக வைக்கப்படும்' என்ற வரி. எஸ்எம்எஸ்ஸில் வந்த லிங்க்கின் வாலில் புரியாத எழுத்தும் எண்ணுமாக ஒரு துண்டு இருந்தால், அது பெரும்பாலும் உங்களுக்கென்றே உருவாக்கியது. பெயரை எழுதாவிட்டாலும் பதில் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும். பில்லில் அச்சிட்ட க்யூஆர் கோடும் பில் எண்ணோடு இணைந்ததாக இருக்கலாம். மேசையில் ஒட்டியிருக்கும் பொதுவான க்யூஆர் கோடு அந்த அளவுக்கு இல்லை. ஊழியர் ஒருவரைப் பற்றிப் புகார் எழுதும்போது இந்த வித்தியாசம் மனதில் இருக்கட்டும்.

மூன்றாவது, படிவமே. கூகுள் ஃபார்ம் என்றால், மேலே உங்கள் மெயில் முகவரி தெரியும். அதைப் பார்த்துப் பலர் பதறி மூடிவிடுகிறார்கள். அதன் கீழே பகிரப்படாது என்று இருந்தால், படிவம் வைத்தவருக்கு உங்கள் முகவரி போகாது. பதிலோடு மெயிலையும் பதிவு செய் என்று டிக் பெட்டி இருந்தால் போகும். சிவப்பு நட்சத்திரக் குறி உள்ள கட்டங்கள் மட்டுமே கட்டாயம், மற்றவற்றை அப்படியே விட்டுவிடலாம். நட்சத்திரம் போட்ட பெயர்க் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தாலும் பெரும்பாலான படிவங்கள் விட்டுவிடும்.

மெயில் கட்டாயம் என்றால், ஜிமெயிலில் உங்கள் பயனர் பெயருக்கும் @ குறிக்கும் நடுவே ஒரு + குறியும் கடையின் பெயரும் சேர்த்துக் கொடுங்கள். கடிதம் வழக்கமான பெட்டிக்கே வரும். அந்த முகவரிக்கு வேறு யாராவது விளம்பரம் அனுப்பினால் எந்தக் கடையிலிருந்து கசிந்தது என்று தெரிந்துவிடும். சில படிவங்கள் + குறியை ஏற்காது, அங்கே ஃபயர்பாக்ஸ் ரிலே மாதிரி முகமூடி முகவரி தரும் சேவைகள் உதவும். இதெல்லாம் எதற்கு என்று அலுப்பாக இருந்தால், விளம்பரத்துக்கென்றே இன்னொரு ஜிமெயில் கணக்கு திறந்துவிடுங்கள். என் அனுபவத்தில் அதிக நாள் தாக்குப்பிடிக்கும் ஏற்பாடு இதுதான்.

படி 6: புகார் என்றால் எண்ணைக் கொடுங்கள்

வாங்கிய மிக்ஸி புகைகிறது, பணம் திரும்பி வரவில்லை என்றால் பெயரில்லாமல் கருத்து எழுதி ஒன்றும் ஆகாது. ஆனால் அதற்கும் கருத்துப் படிவம் சரியான இடம் இல்லை. அந்தப் படிவத்தைப் படிப்பவர் மார்க்கெட்டிங் பிரிவில் இருப்பார். பொட்டலப் பொருட்களின் உறையில் நுகர்வோர் தொடர்பு விவரம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. ஆன்லைன் கடை என்றால் குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த முகவரிக்கு பில் நகலோடு எழுதுங்கள்.

படி 7: ஏற்கனவே கொடுத்துவிட்டால்

நம்மில் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறோம். இரண்டு வேலை செய்யலாம்.

ஒன்று, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் அமைப்பின் தொல்லை தடுப்புப் பட்டியல். 1909 என்ற எண்ணுக்கு ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று எழுதி, இடைவெளி விட்டு 0 போட்டு எஸ்எம்எஸ் அனுப்பினால் விளம்பரங்கள் எல்லாவற்றையும் மறுத்ததாகப் பதிவாகும். அதையும் மீறி வந்தால் ட்ராயின் டிஎன்டி செயலியிலோ 1909-லோ 7 நாட்களுக்குள் புகார் கொடுக்கலாம். ஆனால் நீங்களே சம்மதம் கொடுத்த கடைகளை இது தடுக்காது. ஓடிபி பற்றி அவ்வளவு சொன்னது இதற்காகத்தான்.

இரண்டாவது, சம்மதத்தைத் திரும்பப் பெறும் கடிதம். கடையின் மெயிலுக்கு இப்படி எழுதலாம்:

"வணக்கம். உங்கள் ______ கிளையில் ______ தேதியன்று கருத்துப் படிவத்தில் என் கைப்பேசி எண்ணும் பிறந்த தேதியும் பெறப்பட்டன. விளம்பரத்துக்கு அவற்றைப் பயன்படுத்த நான் தந்த ஒப்புதலை இத்துடன் திரும்பப் பெறுகிறேன். சட்டப்படி நீங்கள் வைத்திருக்க வேண்டிய கணக்கு விவரங்கள் தவிர மற்றவற்றை அழித்துவிட்டு, அழித்ததை மெயிலில் உறுதி செய்யவும். வேறு யாருக்காவது என் விவரங்களைக் கொடுத்திருந்தால் அவர்கள் யார் என்பதையும் தெரிவிக்கவும்."

இதற்குப் பின்னால் நிற்பது 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஒப்புதல் சுதந்திரமாக, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும் என்றும், அந்த நோக்கத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே அது பொருந்தும் என்றும் அதன் 6-ம் பிரிவு சொல்கிறது. கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். ஒப்புதல் கேட்கும்போது தர வேண்டிய அறிவிப்பைத் தமிழில் கேட்கவும் உரிமை உண்டு. இதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. ஒப்புதல் தொடர்பான முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம், அதாவது 2027 மே. அதுவரை இந்தக் கடிதத்துக்குப் பல்லில்லை என்று சிலர் சொல்வார்கள். கொஞ்சம் உண்மைதான். ஆனால் மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று எழுதியிருக்கும் ஒரு சட்டம் வரப்போகிறது என்று தெரிந்த பெரிய நிறுவனங்கள் இப்போதே இதற்கென்று மெயில் ஐடி வைக்க ஆரம்பித்துவிட்டன. எழுதிப் பாருங்கள், ஒரு மெயில்தானே.

படி 8: மேலே போவது

கடை அடம் பிடித்தால், அல்லது நீங்கள் நம்பிக் கொடுத்த விவரத்தை வேறு யாருக்கோ கொடுத்ததாகத் தெரிந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறைகள் பட்டியலில், நுகர்வோர் நம்பிக்கையாகத் தந்த தனிப்பட்ட தகவலைச் சட்ட அனுமதியின்றிப் பிறருக்கு வெளியிடுவதும் ஒன்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. பில், படிவத்தின் போட்டோ, வந்த எஸ்எம்எஸ்களின் ஸ்க்ரீன்ஷாட் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். மோசடியில் பணமே போய்விட்டது என்றால் 1915 வேண்டாம், நேராக சைபர் குற்ற உதவி எண் 1930.

கடை வைத்திருப்பவருக்கு

இதைப் படிப்பவர்களில் கடை, மெஸ், கிளினிக் நடத்துபவர்களும் இருப்பீர்கள். அச்சகத்துக்காரர் கொடுத்த மாதிரியில் பிறந்த தேதி இருந்தது, அப்படியே அடித்தோம் என்பவர்கள் பலர். அடுத்த முறை இதை அடித்துப் பாருங்கள்:

இன்று என்ன சாப்பிட்டீர்கள் / வாங்கினீர்கள்?
எது பிடித்தது?
எதை மாற்ற வேண்டும்?
தேதி, ஏறத்தாழ நேரம்:
நாங்கள் திரும்ப அழைக்க வேண்டுமா? வேண்டும் என்றால் மட்டும் எண்:

எண் கொடுத்தவர்களை ஒரு தடவை அழைத்துப் பேசிவிட்டு, அட்டையிலிருந்து அந்தப் பகுதியைக் கிழித்துவிடுங்கள். அட்டையைப் போட வாசலுக்குப் பக்கத்தில் பூட்டிய பெட்டி ஒன்று வையுங்கள். சர்வர் கையில் கொடுக்கச் சொன்னால் சர்வரைப் பற்றி யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.